இன்ஜெக்ஷன் இஞ்சின் எதை மறைக்கிறது?

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அரை மெக்கானிக்குகள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராது. கிடைத்தாலும் போத்தல் கணக்கில், வாய்விட்டுச் சொல்லமுடியாத விலையில். ஆகவே ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை, எண்ணெயை வளியோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை மண்டும். அந்த மணத்தை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பள்ளிக்கூடம் போன காலம் ஞாபகம் வரும்.

இது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் காபரேற்றரின் சுபாவம் விளங்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது, அதற்குத்தான் பெற்றோல் துளி. சூடேறிய பிறகு கவலையில்லை. அந்தப் பழைய பிரித்தானிய இஞ்சின்களில் புகை போகும் மனிபோல்ட், வளி வரும் மனிபோல்டை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகிவிடும். சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற நெருக்கல் விகிதமும் 7, 8 என்ற அளவுதான், ஒக்டேன் (தட்டாமல் எரியும் தரம்) குறைந்த எண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காபரேற்றருக்குத் தன்னூடாகப் போவது என்ன என்று தெரியாது. வளி இழுபடும்போது ஜெற் துவாரத்தால் எது வருகிறதோ அது போகும். கூடினால் கறுப்புப் புகை. குறைந்தால் மிஸ் அடிக்கும், அதாவது இடையிடையே எரியாமல் போகும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பிழைத்தால் டொக் டொக் என்று தட்டும். வியாதி எதுவானாலும் வெளியில் தெரியும். காதும் மூக்கும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும்.

இன்ஜெக்ஷன் காரில் காபரேற்றர் இல்லை; கொம்பியூட்டர் சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர் என்ற ஊசிமுனை பெற்றோலைப் பீச்சும். அதில் திருகுவதற்கு ஸ்குரூ இல்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுவார்கள். அது பெரிய குறை இல்லை. உண்மையான தொல்லை வேறு: அந்த இஞ்சின் தன் வியாதியை வெளியில் காட்டாது. உள்ளே இருக்கும் கொம்பியூட்டர் சமாளித்து மறைத்துவிடும். இன்ஜெக்ஷன் இஞ்சினை டியூன் பண்ணப் பழகுவதில் முக்கால் பங்கு, அது எதை மறைக்கிறது என்று வாசிக்கப் பழகுவதுதான். மிச்சக் கால் பங்குதான் மடிக்கணினியும் அட்டவணையும்.

எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது 2022இல். பெற்றோல் வரிசை நீண்டு, கியூஆர் வந்து, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். என்னிடம் இருந்தது 121 கொரோலா; 1,500 சிசி. லீற்றருக்கு 12, 13 கிலோமீற்றர் ஓடவேண்டிய கார் 9ஐத் தாண்டவில்லை. அதற்கு முந்திய வருடங்களிலும் அப்படித்தான் ஓடியிருக்கவேண்டும். பெற்றோல் தாராளமாகக் கிடைத்தபோது யார் கணக்குப் பார்த்தது? விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்றால் 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியே இல்லை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோதும், விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காரையே துடைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். கொண்டுபோய்க் காட்டிய கராஜில் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருந்தால் காசு போயிருக்கும், வியாதி போயிராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கு. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் இன்ஜெக்ஷனைச் சுற்றியுள்ள மாயம் பாதி கலைந்துவிடும்.

ஒரு கிராம் பெற்றோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,400 லீற்றர். சின்ன அறை ஒன்று நிறைந்த வளி. நான்கு சிலிண்டர் உள்ள 1,500 சிசி இஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 375 சிசி. நமது 30 பாகை வெக்கையில், கடல் மட்டத்தில், ஒரு லீற்றர் வளியின் நிறை 1.16 கிராம் அளவு. அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தாலும் சிலிண்டர் நூறு வீதம் நிறையாது. வால்வு திறந்து மூடும் அவசரத்தில் 85 வீதம் நிறைந்தால் நல்லது. ஆக ஒரு தடவைக்கு 0.37 கிராம் வளி. முழு மிதிப்பில் பெற்றோலைச் சற்றுக் கூட்டித்தான் கொடுப்பார்கள். 12.8க்கு ஒன்று என்று வைப்போம். 0.029 கிராம் வரும், அதாவது 0.039 மில்லிலீற்றர். கண்ணுக்கு விடும் மருந்தில் ஏறக்குறைய ஒரு துளி.

நிமிடத்துக்கு 200 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர் என்றால் இதற்காக 11.6 மில்லிசெக்கன் திறந்திருக்கவேண்டும். உள்ளே இருக்கும் ஊசியைக் காந்தம் இழுத்துத் திறப்பதற்கே ஒரு மில்லிசெக்கன் அளவு போய்விடும், அதையும் சேர்த்தால் 12.6. 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) இழுத்தல், நெருக்கல், எரித்தல், வெளியேற்றல் என்ற நாலு வேலையும் முடிய, அதாவது கிராங் என்ற சுழல்தண்டு இரண்டு தரம் சுற்ற, 20 மில்லிசெக்கன். ஆகவே இன்ஜெக்டர் 63 வீத நேரம் திறந்திருக்கிறது. இது 80, 85 வீதத்தைத் தாண்டும்போதுதான் பெரிய இன்ஜெக்டர் தேடவேண்டும்.

ஈசியூ என்கிற இஞ்சின் கொம்பியூட்டர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு தடவையும் செய்வது இந்தக் கணக்கைத்தான். வளியின் அமுக்கமும் வெப்பநிலையும் சென்சரால் தெரியும். சிலிண்டரின் கொள்ளளவு மாறாது. சென்சரால் நேரே அளக்கமுடியாதது அந்த 85 ஒன்றுதான். அது ஆர்பிஎம்முக்கும் மிதிப்புக்கும் ஏற்ப மாறும், இஞ்சினுக்கு இஞ்சின் வேறுபடும். அதனால் குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே மனிபோல்ட் அமுக்கம் என்று ஒரு அட்டவணை போட்டு, கட்டம் கட்டமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். டியூன் பண்ணுவது என்றால் அந்தக் கட்டங்களைச் சரியான எண்ணால் நிரப்புவது. பல கார்களில், என் கொரோலாவிலும், இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே போகும் வளியின் பாதையில் ஒரு சூடான கம்பியை வைத்து, வளி அதை எவ்வளவு குளிர்த்துகிறது என்பதிலிருந்து வளியின் நிறையையே அளப்பது.

இந்தக் கணக்கிலிருந்து ஊருக்குத் தேவையான சில விடயங்கள் தாமாக விழும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, இன்ஜெக்டர் திறந்திருப்பதே இரண்டு மூன்று மில்லிசெக்கன்தான். அதில் ஒன்று ஊசி திறக்கவே போகிறது. பற்றரியின் வோல்ட் குறைந்தால் ஊசி இன்னும் பிந்தித் திறக்கும். ஆகவே ஓல்டர்னேற்றர் பலவீனமான காரில், அல்லது கடற்காற்றில் பச்சை பூத்த ஏர்த் வயர் உள்ள காரில், ஐடில் குலுங்கினால் இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லமுதல் மல்டிமீற்றரை எடுக்கவேண்டும். அடுத்தது வெக்கை. வெயிலில் நின்ற காரின் பொனட்டுக்குள் வளி 55 பாகை என்றால், 30 பாகை வளியைவிட அடர்த்தி 7, 8 வீதம் குறைவு. ஈசியூ அதற்கேற்பப் பெற்றோலைக் குறைக்கும். மூன்றாவது மலை. இங்கே டியூன் பண்ணிய காபரேற்றர் காரை நுவரெலியாவுக்கு ஏற்றினால் 1,868 மீற்றர் உயரத்தில் வளி மெலிந்து, இஞ்சின் பெற்றோலில் மூழ்கி மூச்சுத் திணறும். இன்ஜெக்ஷன் கார் அமுக்கத்தை அளந்து தானே சரிசெய்துகொண்டு ஏறும். மேடு பள்ளம் இல்லாத குடாநாட்டில் இருக்கிற நமக்கு இந்தப் பாடம் தேவைப்படுவது வருடத்துக்கு ஒரு சுற்றுலாவில்தான்.

இனி மறைக்கும் கதை. அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் பெற்றோல் மாறும், இன்ஜெக்டரில் அழுக்குப் பிடிக்கும், வால்வு தேயும். அதனால் சைலன்சர் குழாயில், புகையில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்க்கும் ஒரு ஒட்சிசன் சென்சரை வைத்தார்கள். பொஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சர் 1976இல் அமெரிக்காவுக்குப் போன வொல்வோ கார்களில் முதலில் வந்தது. காரணம் கலிபோர்னியாவின் புகைச் சட்டம். கார் ஓட்டுபவனின் பெற்றோல் செலவை நினைத்து யாரும் செய்யவில்லை. அதே நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் 1967இலேயே வோக்ஸ்வாகன் 1600இல் வந்துவிட்டது. பெருமளவில் விற்ற முதல் இலத்திரனியல் இன்ஜெக்ஷன் அதுதான். ஆனால் அதற்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் கண் இல்லை. கணக்குப் போடும், பாய்ச்சும், எரிந்ததா என்று கேட்காது. கண் வந்த பிறகுதான் மறைக்கிற பழக்கமும் வந்தது.

சாதாரண ஒட்சிசன் சென்சர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: பெற்றோல் கூடவா, குறைவா? கூட என்றால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், குறைவு என்றால் 0.1 பக்கம் இறங்கும். நடுக்கோடு 0.45. எவ்வளவு கூட என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஈசியூ அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். இந்தத் திருத்தம்தான் ஃபியூவல் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது குறுகியகால ட்ரிம். ஒரே பக்கமாகத் திருத்தவேண்டி வந்துகொண்டே இருந்தால் அதைப் பாடமாக எழுதிவைத்துக்கொள்ளும், அது நீண்டகால ட்ரிம். இரண்டையும் கூட்டினால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். கூட்டல் 10 வீதம், கழித்தல் 10 வீதம் வரை பொறுக்கலாம். கூட்டல் என்றால் ஈசியூ பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செக் இஞ்சின் விளக்கு எரிவதற்கு இது இன்னும் நிறையப் போகவேண்டும். அதுவரை கார் ஓடும், ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் கார் நன்றாக ஓடுகிறது, இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது என்று சொல்பவர்களைக் கண்டிருப்பீர்கள். கழற்றும்போது அழிவது இந்த நீண்டகாலப் பாடம்தான். வியாதி அப்படியே இருப்பதால் இரண்டு நாளில் அதையே திரும்பப் படித்துவிடுகிறது. மருந்து எழுதிய துண்டைக் கிழித்துப்போட்டதால் காய்ச்சல் விட்டுவிடுமா?

ட்ரிம்மைப் பார்க்கப் பெரிய ஸ்கானர் வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஈசியூவோடு கதைப்பதற்கென்று உள்ள ஓபிடி துளையில் செருகும் ஈஎல்எம்327 வகைப் பெட்டியும் ஒரு போனும் போதும். ஒன்று மட்டும்: ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய மாடல்கள் சில இந்த மலிவுப் பெட்டியோடு கதைக்க மறுக்கும். செயலியின் அமைப்புக்குள் போய் அந்தக் காருக்கான தொடக்கக் கட்டளையைக் கொடுக்கவேண்டும். நான் இதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டேன். பெட்டி பழுது என்று எறியப்போன நேரத்தில்தான் எண்கள் வந்தன.

வந்த எண் இது: ஐடிலில் நீண்டகால ட்ரிம் கூட்டல் 18. அக்சிலரேற்றரை மெதுவாக மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் கூட்டல் 3. இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறக்குறைய முகவரியே சொல்லிவிடும். வளியை அளக்கும் கம்பியைத் தாண்டிய பிறகு எங்கேயோ ஓட்டை. அந்த வழியால் நுழையும் வளி கணக்கில் வராது. ஐடிலில் இஞ்சின் இழுப்பதே கொஞ்ச வளி, அதில் ஓட்டை வளி பெரிய பங்கு. 2,500இல் இஞ்சின் நிறைய இழுக்கும், ஓட்டை அதே அளவுதான், பங்கு சிறுத்துவிடும். இதுவே மறுபக்கமாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினால் பம்ப் அல்லது ஃபில்டரைச் சந்தேகிக்கலாம், அல்லது அந்தக் கம்பியில் தூசி படிந்திருக்கலாம். இன்ஜெக்டர் அடைப்பு என்றால் எல்லா இடத்திலும் கூட்டலாகத்தான் காட்டியிருக்கும். நான்கையும் மாற்றச் சொன்னவர்கள் இதைப் பார்க்கவில்லை.

இஞ்சினை ஐடிலில் விட்டு, மனிபோல்டுக்குப் போகும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் மெதுவாக நெரித்தேன். இஞ்சினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப மனிபோல்டுக்கு எடுத்துவரும் குழாய் ஒன்று வால்வு மூடியிலிருந்து வரும், பிசிவி குழாய் என்பார்கள். அதை நெரித்தபோது போனில் இருந்த எண் கண்முன்னே இறங்கியது. குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில், மேலிருந்து தெரியாத இடத்தில், நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. இஞ்சின் சூட்டில் பதினைந்து வருடம் வெந்த ரப்பர். புதுக் குழாய் போட்டு, ட்ரிம்மை அழித்து, நல்லூர் வரை போய்வந்த பிறகு கூட்டல் 4. (சிலர் ஓட்டை தேட, காபரேற்றர் கழுவும் காப் கிளீனரை விசிறுவார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதைச் செய்வது புத்திசாலித்தனம் இல்லை.)

ஆனால் லீற்றருக்கு 9 என்பது 10 ஆனதே தவிர 12 ஆகவில்லை. மிச்சத்துக்குக் காரணம் யாழ்ப்பாணத்தின் நிலத்தடியில் இருந்தது. குடாநாடு சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் வருடக்கணக்காக ஊற்றினால் அங்கேயும் படியும். இஞ்சின் சூடேறும். சூடேறும் காரைக் கொண்டுபோனால் கராஜில் செய்யும் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. நமக்குக் குளிர்காலமா வரப்போகுது, இது தேவையில்லாத சாமான் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

தெர்மோஸ்டாட் குளிருக்கான சாமான் இல்லை. தண்ணீர் 80 பாகையைத் தாண்டும் வரை ரேடியேற்றர்ப் பாதையை மூடி வைத்து, இஞ்சினை அதற்குரிய சூட்டில் பிடித்திருப்பது அதன் வேலை. என் காரில் அது இல்லை என்பதையே ஸ்கானர்தான் காட்டியது. ஏ9இல் கொடிகாமம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் 66 பாகை. டாஷ்போர்டு முள் சாதாரணமாகவே நின்றது. அந்த முள்ளும் மறைக்கிற கூட்டந்தான். 66இல் ஈசியூ என்ன நினைக்கும்? இஞ்சின் இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும். ஐடிலைக் கூட்டும், மிதிக்கும்போது கொடுக்கும் மேலதிகத் துளியைக் கூட்டும். ஒயில் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும். விளக்கு எரிந்தால் பி0128 என்ற கோட் வரும், ஆனால் எல்லாக் காரிலும் வராது. ரேடியேற்றரை அலசி, தெர்மோஸ்டாட் வாங்கிப் பூட்டி, வடித்த தண்ணீரும் கூலன்ரும் கலந்து ஊற்றிய பிறகு முள் நின்ற இடம் மாறவில்லை, ஸ்கானரில் 88. அடுத்த இரண்டு வாரக் கணக்கு லீற்றருக்கு 12க்குக் கிட்ட.

இவ்வளவு நேரமும் நான் எந்த அட்டவணையையும் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊரில் டியூன் பண்ணவேண்டும் என்று வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். பழுதை வைத்துக்கொண்டு அட்டவணையைத் திருத்தினால், அந்தப் பழுதையே அட்டவணைக்குள் எழுதிவிடுகிறோம். பிறகு யாராவது குழாயை மாற்றினால் நாம் செய்த டியூனிங் பிழைத்துவிடும்.

அட்டவணையைத் தொட ஆசை என்றால் கம்பனி ஈசியூவில் தொடங்கவேண்டாம். பெரும்பாலானவை பூட்டியிருக்கும். பழைய டொயோட்டாவில் கை பழகலாம். 1990களின் 4ஏ, 5ஏ இஞ்சின்களில் பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதியிருக்கும். அதில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால், ஈசியூ டைமிங்கைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்தி அடிப்படை டைமிங்கிலேயே நிற்கும். டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, டைமிங் விளக்கு வெளிச்சத்தில், பிஸ்டன் உச்சிக்கு வர 10 பாகை முன்னம் என்று வைக்கவேண்டும். வயரைப் போடாமல் திருப்பினால் ஈசியூ நம்மோடு இழுபறிப்படும். வைத்த இடம் எது, அது மாற்றிய இடம் எது என்று விளங்காது.

முழு அட்டவணையும் கைக்கு வரவேண்டும் என்றால் தனி ஈசியூதான். 2001இல் அமெரிக்காவில் புரூஸ் போலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவேர்ட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துச் செய்யும் ஈசியூ. பிறகு அர்டுயினோ மெகா பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ வந்தது, அதன் நிரலும் சுற்றுவரைபடமும் எல்லோருக்கும் திறந்தவை. எனக்கு வாய்த்த பரிசோதனைக் கூடம் ஒழுங்கை முனையில் இருக்கும் அண்ணையின் மொறிஸ் மைனர். மண்ணெண்ணெயில் ஓடிய அதே கார், 1,098 சிசி.

காபரேற்றரைக் கழற்றிவிட்டு, இஞ்சினுக்குள் வளி நுழையும் வாசலுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் போட்டோம். கிராங் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குக் காட்ட, அதன் முனையில் 36 பல்லில் ஒன்று வெட்டிய சக்கரம். பெற்றோல் குழாய் முழுவதையும் புதிதாக மாற்றினோம், இதில் கஞ்சத்தனம் கூடாது. காபரேற்றருக்கு ஈர்த்தால் போதும் என்ற பழைய ரப்பரில் 3 பார் அமுக்கத்தை ஏற்றினால் சூடான சைலன்சருக்கு மேல் பெற்றோல் பீச்சும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று எப்போதும் இருந்தது. பிறகு வைட்பேண்ட் சென்சர். முன்பு சொன்ன சாதாரணச் சென்சர் மாதிரி இல்லை, எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எண்ணாகவே சொல்லும்.

பயிற்சித் திடல், யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைத் தீவுக்குக் கடலின் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதி. குடாநாட்டில் இஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஏற்றம் இல்லை, ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று இருக்கிறது. வேலணைப் பக்கம் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது காற்று தள்ளும். ஒரே வேகத்தில் இரண்டு வேறு பாரம், அட்டவணையில் இரண்டு வேறு கட்டம். அண்ணை ஓட்டுவார், நான் மடியில் கணினியோடு. ஓட்டுபவர் திரையைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். கட்டத்தைத் திருத்தும் கணக்கு சின்னது: இருக்கும் எண்ணை, அளந்த விகிதத்தால் பெருக்கி, வேண்டிய விகிதத்தால் வகுப்பது. கட்டத்தில் 60, அளந்தது 16, வேண்டியது 14.7 என்றால் புது எண் 65. அட்டவணையில் 256 கட்டம் இருந்தாலும் மொறிஸ் மைனர் வாழ்நாளில் போய்ப் பார்ப்பது அதில் மூன்றிலொன்றுதான்.

மூன்றாம் நாள் எல்லாக் கட்டமும் 14.7. நான் குளிர்ந்துபோனேன். கார் மட்டும் ஒழுங்காக இழுக்கவில்லை. அண்ணை ஒன்றும் பேசாமல் நாலு புளக்கையும் கழற்றி வரிசையாகப் பழைய பத்திரிகையில் வைத்தார். முதலாவதும் நாலாவதும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. நடுவில் இரண்டும் கரி.

"தம்பி, நாலு பேருக்கு இரண்டு வாசல்தான். முதல் போறவன் அள்ளிக்கொண்டு போயிடுவான். பிறகு வாறவனுக்கு மிச்சம்தான்."

உண்மை. அந்த இஞ்சினில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே வாசல், 3, 4க்கு ஒரே வாசல். எரியும் ஒழுங்கு 1-3-4-2. அதனால் ஒவ்வொரு வாசலிலும் நடுச் சிலிண்டர் முதலில் இழுக்கும், உடனேயே ஓரச் சிலிண்டர் இழுக்கும், பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் வாசலில் தேங்கும் பெற்றோலை நடுவில் இருப்பவை அள்ளிவிடுகின்றன. இரண்டு கூட, இரண்டு குறைவு, கூட்டிப் பிரித்தால் 14.7. என் விலையுயர்ந்த வைட்பேண்ட் சராசரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஈசியூவின் மறைப்பைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தவனுக்கு மீற்றரும் மறைக்கும் என்று தெரியவில்லை. இதே சென்சர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத ஒட்சிசன் அப்படியே சைலன்சருக்குப் போகும், சென்சர் பெற்றோல் குறைவு என்று சொல்லும். அதை நம்பிக் கூட்டினால் மிஸ் இன்னும் கூடும். கடைசியில் இரண்டு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, காபரேற்றர் இருந்த இடத்திலேயே ஒற்றை இன்ஜெக்டர் உள்ள திரொட்டில் பொடி (மிதிக்கும்போது திறக்கும் வளிக் கதவு) போட்டோம். வாசலுக்கு வரமுதலே பெற்றோலும் வளியும் கலந்துவிடும். இதே இஞ்சின் குடும்பத்துக்கு, 1990களின் மினியில் ரோவர் முதலில் செய்ததும் அதுதான்.

டைமிங் அட்டவணையைக் கடைசிக்கு வைத்தோம். பெற்றோல் கூடினால் புளக் கரியாகும், காசு போகும், அவ்வளவுதான். டைமிங் முன்னுக்குப் போய், 92 ஒக்டேன் பெற்றோலில், பாரத்தோடு நொக்கிங், அதாவது அந்த டொக் டொக் தட்டல், பிடித்தால் பிஸ்டன் வளையம் நிற்கும் விளிம்பு உடையும். இந்த வேலைக்கு மட்டும் காதை விடச் சிறந்த கருவி எங்களிடம் இருக்கவில்லை. செப்புக் குழாய் ஒன்றின் நுனியைத் தட்டையாக அடித்துப் புளொக்கில் போல்டால் இறுக்கி, மறுநுனியில் ரப்பர்க் குழாய் மாட்டி, இரைச்சல் தடுக்கும் காதுமூடிக்குள் விட்டோம். அன்றைக்கு நான் ஓட்டினேன். அண்ணை காதுமூடியோடு கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், கையைத் தூக்கினால் இரண்டு பாகை குறைப்பது.

இப்போது அந்தக் காரில் ஒரு குறை பாக்கி இருந்தது. மத்தியான வெயிலில் கடைத்தெருவில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்பிவந்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. பிடித்தாலும் குலுங்கி நின்றுவிடும். நான் பதிவுகளை எடுத்து இரண்டு இரவு பார்த்தேன். நின்ற காரின் பொனட்டுக்குள் வளி வெப்பநிலைச் சென்சர் ஊறி 61 பாகை காட்டுகிறது. உள்ளே இழுபடும் வளியோ அவ்வளவு சூடில்லை. ஈசியூ சென்சரை நம்பிப் பெற்றோலைக் குறைக்கிறது. 50 பாகைக்கு மேல் அந்தக் குறைப்பை மென்மையாக்கவேண்டும் என்று அண்ணைக்கு விளங்கப்படுத்திக்கொண்டு திரையைத் திருப்பினேன்.

"அந்தக் காலத்திலும் இந்த வருத்தம் இருந்தது, தம்பி. அப்ப பெற்றோல் பம்புக்கு."

சொல்லிக்கொண்டே போய், தண்ணீரில் நனைத்த சாக்குத் துண்டொன்றைக் கொண்டுவந்து சென்சர் இருந்த குழாய்மேல் போட்டார். திரையில் 61, 55, 47. 40க்கு வந்ததும் சாவியைத் திருப்பினார், ஒரே தடவையில் பிடித்தது. திருத்தத்தை நான் அன்றிரவே எழுதிவிட்டேன். சாக்குத் துண்டு இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.